கருகினால் கத்த மாட்டேன்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று என் அக்கா சொல்வாள். அந்தக் 'கொஞ்சம்' அவள் என்மேல் வைத்திருக்கும் பாசம். எங்கள் சலவை நிலையத்தில் வேலை பார்க்கிற மற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். சொல்லட்டும். வாய் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகளை மூட்டை மூட்டையாக அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பூப்போல வேண்டும் என்பார்கள். சோப்புத்தூள் விற்கிறவர் போன மாதம் சொன்ன விலையை இந்த மாதம் மறந்திருப்பார். மெக்கானிக்குக்கு 'இதோ வந்துட்டேன்' என்பதே முழுநேர வேலை. இத்தனை பேரையும் வாயாலேயே வழிக்குக் கொண்டுவந்தவள் நான்.

நிலையத்தின் முன்னறையில் என் மேசை. பின்னால் நீளமான கூடம். ஒரு ஓரத்தில் துவைக்கும் மெஷின்கள், அடுத்து உலர்த்தும் மெஷின்கள், கூடத்தின் நடுவில் ரோலர். ரோலர் என்பது பெரிய இஸ்திரி மெஷின். தொட்டில் மாதிரி வளைந்து சுடச்சுடக் காய்ந்த இரும்புத் தகட்டுக்கு மேலே ஒரு தடித்த உருளை சுற்றிக்கொண்டிருக்கும். ஈரம் முழுசாகப் போகாத விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினால், உருளை அதை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே தள்ளும். மடிக்கிற பெண்கள் அங்கே வாங்கி மடிப்பார்கள்.

இந்தப் பக்கம் நின்று துணி கொடுப்பவள் என் அக்கா. ஊரில் இருக்கிற சலவை நிலையம் எல்லாவற்றிலும் அவளைப்போல் வேகமாகக் கொடுக்க ஆளில்லை. இதை நான் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளோடு ஊர்வம்பு பேசிக்கொண்டு, விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் நாடா வைத்த கவுன் என்று எதை எடுத்தாலும் ஒரு சுருக்கம் விழாமல் கொடுப்பாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், எங்கள் வேனை ஓட்டுகிறார். "எனக்கு வாய்ச்சவ மெஷினை விட வேகம்" என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

துணி உள்ளே போகும் இடத்துக்குச் சற்று முன்னால், ரோலரின் முழு நீளத்துக்கும் ஒரு கம்பி உண்டு. தடுப்புக் கம்பி. துணியோடு சேர்ந்து விரலும் உள்ளே போகப் பார்த்தால், விரல் முதலில் அந்தக் கம்பியைத்தான் தொடும். தொட்டதும் உருளை நின்றுவிடும். ரோலரை வாங்கிய அன்று மெக்கானிக் என்னிடம் சொன்னார்: "உள்ள இழுத்துச்சுன்னா இது விடாதுங்க. கையை எடுக்க முடியாது, கைதான் போகும். இந்தக் கம்பிதான் எல்லாம்." நானும் அன்றே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் திறக்கப்போகிற சமயம் அது. அங்கிருந்து வரும் துணியும் எங்களுக்கே என்று முடிவாகியிருந்தது. அந்த வாரத்தில்தான் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. சட்டம் என்ன கேட்கிறதோ அதைப் படித்து வைத்திருந்தேன். பின்வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த மூட்டைகளை நகர்த்தினோம். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைத்திருந்த பிளீச்சிங் தண்ணீரை அதற்குரிய கேனுக்கு மாற்றிப் பெயர் ஒட்டினோம். அழுக்குத் துணியைப் பிரிப்பவர்களுக்குப் புதுக் கையுறைகள் வாங்கினேன். அவரவர் காசில் வாங்கச் சொல்லக் கூடாது, முதலாளிதான் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் கத்துவேனே தவிரக் கஞ்சத்தனம் பண்ணமாட்டேன்.

ஆய்வாளர் ஒல்லியான பெண்மணி. என்னைவிட வயது குறைவு. அதிகம் பேசாத ஆள். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு இரண்டு மடங்கு பேச்சு வரும். கூடம் முழுவதும் நானே பேசிக்கொண்டு சுற்றிக் காட்டினேன். ரோலரிடம் வந்ததும் அவர் ஒரு மரக்குச்சியை எடுத்து அந்தக் கம்பியை மெல்ல அழுத்தினார். உருளை டக்கென்று நின்றது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லி வச்சிருக்கேன் மேடம். சொல்றது நம்ம கடமை, கேக்கறது அவங்க கடமை."

"சொல்றதோட முடியலீங்களே" என்றார் அவர். "ஆபத்து இல்லாம வேலை பார்க்கற மாதிரி இடத்தையும் மெஷினையும் வச்சிருக்கணும். அப்படித்தான் நடக்குதான்னு பார்க்கவும் செய்யணும். ரெண்டும் உங்க கடமை."

"அவங்களே இது எனக்கு வேணாம்னு சொன்னா?"

"அவங்க வேணாம்னு சொன்னாலும் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க."

பிறகு அக்காவைப் பார்த்து, "இது அடிக்கடி தானா நின்னுடுமா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். மடிக்கிற பெண்களும் வரிசையாகத் தலையாட்டினார்கள்.

"நின்னா உள்ள இருக்கற துணி கருகுமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

அதற்கு நான் முந்திக்கொண்டேன். "நம்ம இடத்துல கருகவே கருகாது மேடம். கருகினா தோலை உரிச்சிட மாட்டேன்?" என்று சொல்லிப் பலமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்த்தார், பெண்களையும் பார்த்தார். "அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். எதை யோசிக்கச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு மண்டையில் ஏறவில்லை. குறை ஒன்றும் எழுதாமல் கிளம்பிப் போனார்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொல்லலாம் என்று துள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். அக்கா ரோலர் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். கையில் பழைய கவுனிலிருந்து கிழித்த நாடா. அந்த நாடாவால் தடுப்புக் கம்பியை மேலே இழுத்து, பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னலுக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி அழகாக முடிச்சுப் போட்டாள். அவசரமே இல்லை. பழகின கை என்று பார்த்ததும் தெரிந்தது.

கம்பியைக் கட்டிவிட்டால் அதை எத்தனை அழுத்தினாலும் உருளை நிற்காது.

"அக்கா, என்ன பண்றே?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்ஸ்பெக்டர் வர்றாங்கன்னு அவுத்து வச்சிருந்தேன். போயிட்டாங்கல்ல?"

"தினமும் கட்டுறியா?"

"கட்டாம வேலை ஓடுமா? நீ முன்னாடி உக்காந்து போன் பேசு. இதெல்லாம் உனக்கெதுக்கு?"

நான் நேராகப் போய் சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தேன். உருளை முனகிக்கொண்டே நின்றது. கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா அவசரமாக மெஷின் பக்கவாட்டில் இருந்த கைச்சக்கரத்தைச் சுற்றி உருளையைத் தூக்கி, உள்ளே மாட்டியிருந்த விரிப்பை உருவி எடுத்தாள். எடுத்த கையோடு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"பைத்தியமாடி உனக்கு? நாளைக்குக் காலைல புதுக் கட்டடத்துக்குத் துணி போகணும். இன்னும் மலை மாதிரி கிடக்கு!"

"கிடக்கட்டும். முதல்ல அந்த நாடாவை அவுரு."

"மாட்டேன். என் கை, என் பொறுப்பு. இத்தனை வருஷத்துல ஒரு நகம் போயிருக்கா?"

"கை உன்னுதுதான். மெஷின் என்னுது. அது உன் கையைப் பிடிச்சா தப்பு என்னுது."

"நான் உனக்கு அக்காடி!"

"வீட்டுல அக்கா. இந்த மெஷின் முன்னாடி நீ எனக்கு வேலை பார்க்கற ஆளு. அக்காவா இருந்தா கெஞ்சுவேன். இங்க கெஞ்ச மாட்டேன், மெஷினையே நிறுத்துவேன்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று தெரிந்தது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் கிடந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் எனக்குத் தெரியும். கத்தினால் பயமில்லை. பேசாமல் உட்கார்ந்தால்தான் பயம்.

அப்போதுதான் மௌனம் வாயைத் திறந்தாள். மௌனம் என்பது மடிக்கிற பெண்களில் ஒருத்திக்கு அத்தான் வைத்த பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் என்பதால் வைத்தது.

"சின்னக்கா, பெரியக்காவைத் திட்டாதீங்க. அந்தக் கம்பி சும்மா சும்மா நிக்குது. விரிப்போட ஓரத் தையல் தடிப்பா வந்தாலே இடிச்சு நின்னுடும். நின்னா துணி கருகிடும். கருகினா நீங்க... நீங்க எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒருதரம் என்னைக் கத்தின கத்துல ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அன்னைக்குத்தான் பெரியக்கா கம்பியைக் கட்டினாங்க. எங்களுக்காகத்தான் கட்டினாங்க."

"அப்ப கருகின விரிப்பெல்லாம் எங்கே? என் கண்ணுல ஒண்ணுகூடப் படலியே?"

மௌனம், பட்டப்பெயருக்கு ஏற்ற மாதிரி, முதல்தடவையாக மௌனமானாள். ஆனால் அவள் கண் மட்டும் மடிப்பு மேசைப் பக்கம் போனது. போய் மேசை விரிப்பைத் தூக்கினேன். அடியில் இன்னொரு விரிப்பு. அதற்கும் அடியில் இன்னொன்று. மெத்தை மாதிரி அடுக்கடுக்காக விரித்து, கருகின பக்கத்தைக் கீழே திருப்பி வைத்திருந்தார்கள். காய்ந்த ரொட்டி நிறத்தில் திட்டுத் திட்டாகக் கருகல். மேசை இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, நம் ஆட்களுக்கு என்ன கரிசனம் என்று நான் பலமுறை மெச்சியிருக்கிறேன்.

அத்தான் அந்த நேரம் பார்த்து வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போகப் பார்த்தார்.

"அத்தான், வேன் சீட்டுக்கு உறை போட்டிருக்கீங்களே, வெள்ளை உறை. அது ஏது?"

"அதுவா? உக்கார குளிர்ச்சியா இருக்கும்னு உங்க அக்காதான்..." என்று இழுத்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காணாமல்போன இந்த விரிப்புகளுக்காக நான் ஆஸ்பத்திரித் துணிப் பிரிவுக்காரரோடு போனில் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். 'உங்க ஆளுங்கதான் தொலைக்கறாங்க' என்று மனிதர்மேல் எகிறியிருக்கிறேன். வாயைத் திறந்து எல்லோரையும் ஒரு வழி பண்ணலாம் என்று திரும்பினேன். திரும்பினால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கினவர்கள் மாதிரி நிற்கிறார்கள். என் சத்தத்துக்காகக் காத்து நிற்கிறார்கள். ஆய்வாளர் யோசிக்கச் சொன்னது இதைத்தான். சுடுகிற இரும்பைவிட இவர்களுக்கு என் வாய்தான் பெரிய பயம். அந்தப் பயத்துக்காக என் அக்கா தினமும் கையைப் பணயம் வைத்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. எனக்கு வேலை இருந்தது.

முதலில் நாடாவை அவிழ்த்தேன். பிறகு எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். "நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே துணி கருகினா கத்த மாட்டேன். கருகினதைக் கொண்டுவந்து என் மேசைமேல போடுங்க. ஒளிச்சு வச்சா கத்துவேன். கம்பியைக் கட்டினா, நான் கத்தறதை அடுத்த தெருவுல கேப்பாங்க. மெஷின்ல ஏதாவது சரியில்லைன்னா யார் வேணும்னாலும் நிறுத்தலாம். நிறுத்தினதுக்கு என்கிட்ட காரணம் சொன்னா போதும்."

"நெசமாத்தானா சின்னக்கா?" என்றாள் மௌனம்.

"நீ வேணும்னா இப்பவே ஒண்ணைக் கருக்கிப் பாரு."

அதற்கு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

முன்னறைக்குப் போய் முதலில் மெக்கானிக்கைப் பிடித்தேன். 'இதோ வந்துட்டேன்' என்றார். "'வந்துட்டேன்' எல்லாம் வேணாம். போனை வைக்காம அப்படியே கிளம்பி வாங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றேன். அவர் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன். அடுத்து ஆஸ்பத்திரித் துணிப் பிரிவுக்காரர்.

"சார், நாளைக்குக் காலைல துணி வராது. சாயங்காலம் வரும்."

அவர் எகிறினார். புதுக் கட்டடம், முதல் நாள், பெரிய டாக்டர் வருகிறார் என்று அடுக்கினார். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். "மெஷின்ல பாதுகாப்புக் கம்பி சரியில்ல சார். அதோட ஓட்டினா காலைலயே வரும். ஆனா துணிக்குப் பதிலா எங்க அக்கா வருவா, ஸ்டிரெச்சர்ல. எது வேணும் சொல்லுங்க."

"சாயங்காலம் கட்டாயம் வந்துடுமா?" என்றார்.

"வரும். இன்னொரு விஷயம் சார். காணாமப் போன விரிப்பெல்லாம் கிடைச்சிடுச்சு."

"எங்க கிடைச்சுது?"

"எங்கிட்டதான். கருகிப் போயிருக்கு. புதுசு வாங்கித் தந்துடறேன்."

அவர் என்ன சொன்னார் என்பது எதற்கு? சொல்ல வேண்டியதைச் சொன்னார், நான் வாங்கிக்கொண்டேன். எனக்கும் பிறத்தியார் பேச்சை வாங்கிப் பழக வேண்டும் இல்லையா?

மெக்கானிக் வந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கம்பியைத் தாங்கும் ஸ்பிரிங் தொய்ந்து, கம்பி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் தடித்த ஓரம் பட்டாலே நிற்கிறது என்றார். புது ஸ்பிரிங் மாட்டி, உயரத்தைச் சரிபண்ணி, தடித்த விரிப்பு, மெல்லிய விரிப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். துணி தாராளமாகப் போனது. குச்சியை வைத்ததும் நின்றது. "சின்ன வேலைங்க இது. முன்னாடியே யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி டீயை நீட்டினேன்.

அக்கா மறுநாள் வேலைக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. ரோலர் முன்னால் நின்று, கம்பியை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே துணி கொடுத்தாள். கம்பி பழக்கப்பட்டதும் வேகம் தானாக வந்துவிட்டது. ஆனாலும் என்னிடம் பேச வேண்டியதை அத்தானிடம் சொல்லி அனுப்பினாள். அவர் முன்னறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து அலுத்துப்போய், "உங்க சண்டைல எனக்குத்தான் கால் தேயுது" என்றார். இடையில் மௌனம் ஒரு தலையணை உறையைக் கருக்கிக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, போ" என்றேன். நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம், மத்தியான வேளை. நான் சோப்புத்தூள்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் எப்போதும் கேட்கும் ரோலர் சத்தம் திடீரென்று நின்றது. அதைத் தொடர்ந்து யாரோ வீலென்று கத்தினார்கள். போனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா ரோலரின் முன்னால் வளைந்து நின்றிருந்தாள். ஒரு கவுன் பாதி உள்ளே போயிருந்தது. அதன் நாடா அவள் வலது மணிக்கட்டைச் சுற்றி இறுகி, கையை உருளைப் பக்கம் இழுத்துக்கொண்டு விறைத்து நின்றது. அவள் விரல்கள் கம்பியின்மேல் பதிந்திருந்தன. அதற்கு அந்தப் பக்கம், தொடுகிற தூரத்தில், இரும்பு அனலடித்தது. உள்ளே இருந்த கவுன் புகைய ஆரம்பித்திருந்தது.

"கவுன் கருகுதுடி! உருளையைத் தூக்கு, கவுன் கருகுது!" என்று கத்தினாள் அக்கா. பல நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசிய பேச்சு அதுதான்.

நான் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. மடிப்பு மேசையில் இருந்த கத்தரியை எடுத்து நாடாவை வெட்டினேன். அவள் கை விடுபட்டு என் மேலேயே விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன், மறுபடி திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொன்னேன். எல்லாம் மடங்கின, எல்லாம் நீண்டன.

அதற்குள் யாரோ உருளையைத் தூக்கிக் கவுனை உருவி எடுத்தார்கள். நெஞ்சுப் பக்கம் முழுவதும் கருகி, ஓட்டை விழுந்து, தொட்டால் உதிர்ந்தது. கூடம் முழுக்கக் கருகல் நாற்றம். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அந்தக் கவுனைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பார்த்தாள். நாடா கட்டியிருந்த இடத்தில் சட்டத்தின் பெயிண்ட் தேய்ந்து இன்னும் பளபளவென்று இருந்தது. சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அந்த இடத்தைப் பார்த்தாள்.

"போச்சுடி" என்றாள்.

"போகட்டும்" என்றேன். அதற்குமேல் பேச எனக்கு, எனக்கே, வாய் வரவில்லை.

எல்லோருக்கும் டீ வந்தது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை நான் பக்கத்திலேயே நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.